ஏக்கன்ஃபீல்ட் என்று ஒரு ஊர் இல்லை

இந்தக் குறிப்பு ஒரு திருத்தம். கொஞ்ச காலம் முன்னால் இங்கிலாந்தின் பண்ணைத் தொழிலாளர் கூலியைப் பற்றி எழுதியபோது, சஃபோக் மாவட்டத்தில் லியனார்ட் என்ற 71 வயதுப் பெரியவர் சொன்னதாக இரண்டு பத்தி சேர்த்திருந்தேன். ஏதோ கோர்ட்டில் கொடுத்த சாட்சியம் மாதிரி, இன்ன ஊர், இன்ன ஆள் என்று போட்டிருந்தேன். அந்த ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. லியனார்ட் என்பது அவருக்குப் புத்தகத்தில் வைத்த பெயர். அவர் பேசியதை நாம் காதால் கேட்டுச் சரிபார்க்கவும் வழியில்லை.

தப்பு என்னுடையது. "சரி, அந்த இரண்டு பத்தியைத் தூக்கிவிடலாம்" என்றுதான் உட்கார்ந்தேன். தூக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

புத்தகத்தின் பெயர் 'ஏக்கன்ஃபீல்ட்'. எழுதியவர் ரொனால்ட் ப்ளைத். 1969-ல் வந்தது. பிரிட்டிஷ் கிராமத்து நினைவுகள் என்று யாராவது பேச்செடுத்தால் முதல் மூன்று பெயருக்குள் இது வந்துவிடும்.

எப்படிக் கைக்கு வந்தது

வேலை விஷயமாக ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இப்ஸ்விச்சில் இருந்தேன். அந்தப் பக்கம் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி வளாகம் இருப்பதால் நம்ம ஊர் ஆட்கள் நிறைய. சனிக்கிழமை சாம்பார் வெங்காயம் தேடி அலைகிற கூட்டத்தில் நானும் ஒருவன். பழைய சாமான்களைத் தானமாக வாங்கி விற்கும் கடை ஒன்றில் முதுகு கிழிந்த பெங்குவின் பதிப்பு கிடைத்தது. ஐம்பது பென்ஸ். வாங்கின ராத்திரியே பாதி முடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைத் தேடிப் போனேன். ஏக்கன்ஃபீல்டுக்கு மூலம் சார்ஸ்ஃபீல்ட், டெபிஜ் என்ற இரண்டு பக்கத்து ஊர்கள் என்று தெரிந்திருந்தது. இப்ஸ்விச்சிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான். டெபிஜ் என்று சொல்கிறார்களே தவிர, பலகையில் எழுதியிருப்பதை நாம் படித்தால் 'டெபாக்' என்றுதான் படிப்போம். அதைச் சொல்லி வழி கேட்டு ஒருமுறை அசடு வழிந்தேன். சார்ஸ்ஃபீல்டில் செங்கல் கோபுரம் வைத்த பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. வாசலில் நாயோடு நின்ற பெரியவரிடம் ஏக்கன்ஃபீல்ட் இதுதானா என்று கேட்டேன். பாதி இங்கே, பாதி டெபிஜில், மிச்சம் எழுதினவர் தலைக்குள்ளே என்றார். அன்றைக்கு அதை நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், இந்தப் புத்தகத்துக்கு வந்த விமர்சனம் மொத்தமும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

ப்ளைத் செய்தது என்ன

ப்ளைத் வெளியூரிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் இல்லை. 1922-ல் சஃபோக்கிலேயே ஆக்டன் என்ற ஊரில், ஏழ்மையான குடும்பத்தில் பிறந்தவர். பதினாலு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு கோல்செஸ்டர் நூலகத்தில் வேலை. படிப்பெல்லாம் அங்கே தானாகப் படித்ததுதான். 2023 ஜனவரியில், நூறு வயதைத் தாண்டி இறந்தார்.

1966-67 குளிர்காலத்தில் டெபிஜ் பக்கத்தில் குடியிருந்தபடி, சைக்கிளில் போய் அக்கம்பக்கத்து ஜனங்களிடம் பேசினார். கொல்லர், வண்டிச்சக்கரம் செய்பவர், ஆசிரியை, மாவட்ட நர்ஸ், தேவாலய மணி அடிப்பவர்கள், குழி வெட்டுபவர், பழத்தோட்ட வேலையாள், பெரிய வீட்டுத் தோட்டக்காரர் என்று மூன்று தலைமுறை ஆட்கள். பேசியதைக் கேட்டு, குறிப்பெடுத்து, வீட்டுக்கு வந்து எழுதினார். பெயர்களை மாற்றினார். இரண்டு மூன்று ஊர்களை ஒன்றாக்கினார். வாய்மொழி வரலாறு என்ற சொல்லையே அப்போது தான் கேள்விப்பட்டதில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1974-ல் பீட்டர் ஹால் இதைப் படமாக எடுத்தார். அவரும் சஃபோக்காரர். நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை, ஊர்க்காரர்கள். ப்ளைத்தே பாதிரியாராக வந்து போகிறார். படம் பிரபலமானதில், இல்லாத ஊருக்குச் சுற்றுலா வர ஆரம்பித்தார்கள். சைக்கிளில் போன நானும் அந்த வரிசைதான்.

எழுபதுகளில் வாய்மொழி வரலாறு பிரிட்டனில் ஒரு துறையாக நிமிர்ந்து நின்றபோது, அந்தத் துறைக்காரர்களே ப்ளைத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவு எங்கே? யார் சொன்னது எது, நீங்கள் சேர்த்தது எது? இரண்டு பேரை ஒருவராக்கியிருக்கிறீர்களா? எல்லாமே நியாயமான கேள்விகள்.

எனக்கும் ஒரு குறை உண்டு. புத்தகத்தை ஒரே மூச்சில் படிக்கும்போது தெரியாது. குழி வெட்டுபவரையும் நர்ஸையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் தெரியும். எல்லாரும் ஒரே மாதிரி அழகாகப் பேசுகிறார்கள். பத்தி சரியான இடத்தில் முடிகிறது, கடைசி வாக்கியம் நச்சென்று விழுகிறது. நிஜத்தில் வயசானவர்கள் பேசுவது அப்படி இருக்காது. ஒரு விஷயத்தை ஆரம்பித்து, மாட்டைப் பற்றிப் போய், மச்சானைப் பற்றித் திட்டி, பிறகு எங்கே விட்டோம் என்று கேட்பார்கள். ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தி ப்ளைத் எழுதும் நடையும், அதற்குக் கீழே அவர்கள் பேசும் நடையும் ஒரே காதிலிருந்து வந்தவை. குரல் அவர்களுடையது, சுருதி இவருடையது.

பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர்

சார்ஸ்ஃபீல்டிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் ப்ளாக்ஸால் என்று ஒரு ஊர். 1948-ல் ஜார்ஜ் யூவர்ட் எவன்ஸ் என்ற வேல்ஸ்காரர் அங்கே குடிவந்தார். மனைவிக்கு அந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியை வேலை. எவன்ஸுக்குக் காது மந்தம். காது கேட்காத ஒரு மனுஷன், பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதி, பிரிட்டனில் வாய்மொழி வரலாற்றுக்கே முன்னோடி ஆனார். 1956-ல் வந்த அவருடைய முதல் கிராமத்துப் புத்தகத்தின் தலைப்பே, வைக்கோல் அறுத்தவர்களைப் போய்க் கேள் என்று பொருள்படும்.

எவன்ஸ் ஊர்ப் பெயரை மறைக்கவில்லை. ஆட்களின் பெயரும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அவர் கேட்டதெல்லாம் வேலை. அறுவடைக்கு முன்னால் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒருவரை அறுவடைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். பண்ணைக்காரரோடு கூலி பேசுவதும், வரிசையில் முதல் ஆளாக அரிவாள் வீசுவதும் அவர்தான். அறுவடை முடிந்த வயலில் ஒரே ஒரு கதிர்க்கட்டை மட்டும் நிற்க வைத்திருந்தால், கதிர் பொறுக்க இன்னும் உத்தரவு இல்லை என்று அர்த்தம். அந்தக் கட்டுக்கு ஊரில் வைத்த பெயர் 'போலீஸ்காரர்'. எடுத்துவிட்ட பிறகுதான் பெண்களும் பிள்ளைகளும் உள்ளே இறங்கலாம். இப்படிப் பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டே இருக்கும். எவன்ஸ் பின்னாளில் செய்த ஒலிப்பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

நான் பொறியியல் படித்தவன், வரலாறு முறையாகப் படிக்கவில்லை. அதனால் எதைப் படித்தாலும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டுவிடுவேன். யார், எந்தக் காலம், என்ன சொன்னார் என்று பத்திகள் இருக்கும். கடைசிப் பத்தியின் தலைப்பு 'எப்படித் தெரியும்'. எவன்ஸின் ஆட்கள் இந்த அட்டவணையில் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டார்கள். ப்ளைத்தின் ஆட்கள் எல்லாருக்கும் கடைசிக் கட்டம் காலி.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் தீர்ப்பு சுலபம். எவன்ஸ் வரலாறு, ப்ளைத் கதை. ஆனால் அட்டவணையில் மூன்றாவது பத்தியை, அதாவது 'என்ன சொன்னார்' என்பதை, மறுபடி படித்தேன்.

பெயர் போட்டால் வாய் திறக்காது

எவன்ஸிடம் ஜனங்கள் சொன்னது பெரும்பாலும் அவர்கள் பெருமைப்படுகிற விஷயங்கள். ஆடு மேய்த்தது, ரொட்டி சுட்டது, குதிரையைப் பழக்கியது. இதற்கெல்லாம் பெயர் போடலாம், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ப்ளைத்திடம் சொன்னது வேறு ரகம். பெரிய வீட்டுத் தோட்டத்தில் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர், சீமாட்டி அந்தப் பக்கம் வந்தால் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்ததைச் சொல்கிறார். பூ இருக்க வேண்டும், பூ வைத்தவன் தெரியக்கூடாது. அந்தக் காலத்தில் வயசானவர்களைக் குடும்பம் பொன்னாகப் பார்த்துக்கொண்டது என்கிற பேச்சை நர்ஸ் ஏற்பதே இல்லை. தன் கண்ணால் பார்த்தது வேறு என்கிறார். சின்ன வயசில் பட்ட பசியையும், முதலாளிகள் மனுஷனைப் பிழிந்து வேலை வாங்கியதையும் லியனார்ட் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறார். 1914-ல் பட்டாளத்தில் சேர்ந்து, பயிற்சிக் காலத்திலேயே கிட்டத்தட்ட ஆறு கிலோ எடை கூடிவிட்டாராம். நல்ல சாப்பாடு என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மையில், வாழ்க்கையில் முதல்முறையாக உடம்பை முறிக்கிற வேலை இல்லாததுதான் காரணம் என்கிறார். யுத்தத்துக்குத் தயாராகிற பட்டாளம், ஒரு பண்ணையாளுக்கு ஓய்வு. கூலி வரலாற்றைப் பற்றி நான் படித்த எத்தனையோ பக்கங்கள் இந்த ஒரு விஷயத்துக்கு ஈடாகவில்லை.

இதையெல்லாம் சொந்தப் பெயரில் சொல்ல முடியுமா? 1967-ல் கிழக்கு இங்கிலாந்தின் பண்ணைத் தொழிலாளர்கள் பலரும் குடியிருந்தது முதலாளிக்குச் சொந்தமான வீட்டில். வேலை போனால் வீடும் போகும். இந்தக் குடியிருப்புகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1976-ல்தான். ஹவர்ட் நியூபி என்ற சமூகவியலாளர் இதே வட்டாரத்துத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1977-ல் ஒரு நூல் வெளியிட்டார். முதலாளி முன்னால் அவர்கள் காட்டிய பணிவை அப்படியே மனசார ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, வேறு வழியில்லாத நிலைமையும் அதில் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் முக்கியமான பகுதி. அப்படிப்பட்ட ஊரில் பெயரும் விலாசமும் போட்டு எழுதுகிறேன் என்று ஒருவர் போய் நின்றால் என்ன கிடைத்திருக்கும்? நல்ல விளைச்சல், நல்ல முதலாளி, நல்ல காலம் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

ஆக, 'எப்படித் தெரியும்' என்ற கட்டம் காலியாக இருப்பதும், 'என்ன சொன்னார்' என்ற கட்டம் இவ்வளவு கனமாக இருப்பதும் தனித்தனி விஷயம் இல்லை. ஒன்றுக்குக் கொடுத்த விலைதான் இன்னொன்று.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. வாடிக்கையாளர் விவரங்களைச் சோதனைக்கு எடுக்கும்போது பெயரையும் எண்ணையும் மாற்றி முகமூடி போட்டுவிடுவோம். பிறகு சரிபார்க்க வேண்டியிருந்தால், எந்தப் பெயர் எந்தப் பெயராக மாறியது என்ற பட்டியலைத் தனியாகப் பூட்டி வைப்போம். ப்ளைத் முகமூடி போட்டதில் தப்பே இல்லை, போட்டே ஆகவேண்டும். ஆனால் எங்கே ஒரு ஆள் முடிந்து இன்னொரு ஆள் ஆரம்பிக்கிறார், எங்கே எழுத்தாளர் கை வைத்தார் என்று வாசகர் கண்டுபிடிக்க ஒரு சாவியும் அவர் விட்டுவைக்கவில்லை. அதோடு ஊர் விவரங்களை நிஜக் கணக்கு மாதிரி எண்களோடு வேறு கொடுத்திருக்கிறார். என்னை மாதிரி ஆள் ஏமாறுவதற்கு அது போதும். அவர்மேல் எனக்குள்ள புகார் இவ்வளவுதான், ஆனால் இது சின்னப் புகார் இல்லை.

பெயரை மட்டும் மாற்றினால் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஃப்ளோரா தாம்சனின் 'லார்க் ரைஸ்' 1939-ல் வந்தது. தான் பிறந்த ஜூனிபர் ஹில் என்ற குக்கிராமத்தை அந்தப் பெயரிலும், தன்னையே லாரா என்றும் எழுதினார். நாட்குறிப்பு மாதிரி நம்பிப் படிக்கிற புத்தகம். 1985-ல் பார்பரா இங்கிலிஷ் என்ற வரலாற்றாய்வாளர் அதை ஊர் ஆவணங்களோடும் மக்கள்தொகைக் கணக்கெடுப்போடும் வைத்து ஒப்பிட்டார். நினைவு எங்கே நழுவியது, எதை மென்மையாக்கியது என்பதெல்லாம் வெளியே வந்தது. ஃப்ளோராவோடு பிறந்தவர்களில் பலர் பிஞ்சிலேயே போய்விட்டார்கள். அந்த இழப்பின் கனத்துக்கு ஈடான இடம் லாராவின் கதையில் இல்லை. அதற்காக அவரைப் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அறுபது வயசைத் தாண்டி, தன் அம்மாவின் வீட்டைப் பற்றி எழுதுகிறவர் எதை வெளியே வைப்பார், எதை உள்ளே வைப்பார் என்பது அவருக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள கணக்கு. ஆனால் பிள்ளைச் சாவைப் பற்றிக் குறிப்பெடுக்க நான் 'லார்க் ரைஸ்' பக்கம் போகக்கூடாது. அது மட்டும் தெளிவு.

சரிபார்க்க முடிந்தது, முடியாதது

சரி, லியனார்டுக்கு வருவோம். அவர் சொன்னதில் வெளியே ஒப்பிடக்கூடிய விஷயங்களை மட்டும் தனியே எடுத்தேன்.

முதலாவது, யுத்தம். கல்லிப்போலிக்குப் போய், ஜூன் 4 அன்று தாக்குதலில் இறங்கியதாகச் சொல்கிறார். 1915 ஜூன் 4 அன்று ஹெல்லஸ் முனையில் கிரித்தியாவின் மூன்றாவது சண்டை நடந்தது. தேதி பொருந்துகிறது.

இரண்டாவது, கூலி. யுத்தத்துக்குப் பிறகு பண்ணைத் தொழிலாளி மறுபடி நசுக்கப்பட்டதைச் சொல்கிறார். 1917 சட்டம் வாரத்துக்குக் குறைந்தபட்சம் 25 ஷில்லிங் என்று வைத்தது. கூலி ஏறி 46 ஷில்லிங் வரை போனது. 1921-ல் அரசாங்கம் அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொண்டதும் மளமளவென்று சரிந்தது. 1923-ல் பக்கத்து மாவட்டமான நார்ஃபோக்கில் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது, அதுவும் 25 ஷில்லிங்கைக் காப்பாற்றிக்கொள்ள. லியனார்டின் கசப்பு இந்தக் கோட்டின் மேல்தான் போகிறது.

மூன்றாவது விஷயம் எனக்குச் சங்கடமானது. கரை இறங்கியதும் அவர்கள் ஒரு பெரிய கூடாரத்தைப் பார்க்கிறார்கள். ஓடிப்போய்த் திறந்தால், உள்ளே வரிசையாக இறந்த சிப்பாய்கள். பதுங்குகுழிச் சுவரில் மண்ணுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கையை, போகிறவர் வருகிறவரெல்லாம் பிடித்துக் குலுக்கி, பெரிய மனுஷ பாணியில் காலை வணக்கம் சொன்னார்களாம். படித்தவர்கள் யாரும் மறக்க முடியாத பக்கங்கள். ஆனால் ப்ளைத்தின் அப்பாவும் கல்லிப்போலியில் இருந்தவர். அப்படியானால் அந்தக் கை, லியனார்ட் சொன்ன கையா? அப்பா சொல்லாமல் விட்ட ஒன்றை மகன் இன்னொரு பெரியவரிடம் தேடிக் கேட்டாரா? புத்தகத்தை வைத்துக்கொண்டு இதைப் பிரிக்க முடியாது. கடைசிக் கட்டத்தில் கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

நான்காவதுதான் என்னைத் தூக்கவிடாமல் செய்தது. பசி, அடிமை வேலை, யுத்தம், கூலிவெட்டு என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகு, லியனார்ட் தன்னையே திருத்துகிறார். ஒன்றை மறந்துவிட்டேன், பாட்டு இருந்தது என்கிறார். வயலில் பையன்கள் பாடினார்கள், ராத்திரி கொல்லுப்பட்டறையில் கூடிப் பாடினார்கள். சந்தோஷமே இல்லை என்று சொன்னேனே, அது பொய், பாட்டு இருந்தது என்கிற மாதிரி முடிக்கிறார்.

இது நிஜமாக அவர் வாயில் வந்ததா, ப்ளைத் அழகுக்காகக் கடைசியில் வைத்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசிய யாருக்கும் இந்த இடம் தெரிந்திருக்கும். ஒரு மணி நேரம் குறை சொல்லிவிட்டு, நாம் எழுந்திருக்கும்போது "ஆனா ஒண்ணு" என்பார்கள். கூலிக் கணக்கு மட்டும் கேட்டுப் போனவனுக்கு அந்த 'ஆனா ஒண்ணு' கிடைக்காது. அதுவரை நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் கிடைக்கும்.

என் தீர்ப்பு இதுதான். ஏக்கன்ஃபீல்டை ஆவணமாக மேற்கோள் காட்டக்கூடாது. ஒரு தேதிக்கோ தொகைக்கோ அதை மட்டும் ஆதாரமாக வைக்கக்கூடாது. வெளியே ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். அதே சமயம், ஆவணம் இல்லை என்பதற்காக ஓரம் கட்டினால் நஷ்டம் நமக்குத்தான். கூலிப் பட்டியல் 46 ஷில்லிங் 25 ஆனதைச் சொல்லும். பட்டாளத்தில் போய் எடை கூடினவன் எப்படி உணர்ந்தான் என்று சொல்லாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எவன்ஸை முதலில் படித்துவிட்டு ப்ளைத்துக்குப் போனால் இன்னும் நல்லது. அந்த மண்ணின் வேலை என்னவென்று தெரிந்த பிறகு, அந்த வேலை மனுஷனை என்ன செய்தது என்பது உறைக்கும்.

பழைய கட்டுரையைத் திருத்திவிட்டேன். "சஃபோக் பண்ணைத் தொழிலாளி லியனார்ட் சொன்னார்" என்ற வரி இப்போது "ரொனால்ட் ப்ளைத்தின் புத்தகத்தில் லியனார்ட் என்ற பெயரில் வரும் பெரியவர் சொல்கிறார்" என்று இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான். அட்டவணையில் கடைசி வரியாகப் பாட்டைச் சேர்த்தேன். 'எப்படித் தெரியும்' கட்டத்தில், "சரிபார்க்க வழியில்லை, நீக்கவில்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன்.